துண்டு கிடக்கும் நாற்காலி

"டீச்சர், உள்ளே ஆள் இருக்குன்னு சொல்லுதே. யாரு இருக்கா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. டீச்சர் ஜெஸிமாவுக்கு இருபத்தேழு. குருவுக்கு வயசு பார்ப்பானேன்? ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் அந்த ஊரில் தெரிந்தது அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். ஆறு மாதமாக அவளுடைய கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ப் பாடம் கேட்கிறார். இன்றைக்குத்தான் அவளைத் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்திருந்தார்.

ஆஸ்பத்திரி டோக்கன் அறையில் கரண்டு போய் வந்தால் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். டோக்கன் புரோகிராம் மட்டும் எழாது. 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று சாதிக்கும். ஓடினால்தானே!

வெளியே வரிசை படிக்கட்டைத் தாண்டிவிட்டது.

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு மனுவை எடுத்தார். பழையபடி ரெக்கார்டு ரூமுக்கே அனுப்பிவிடும்படி பெரிய டாக்டருக்கு எழுதியது. நமக்கு இது ஒட்டாது, இங்கே நான் ஒப்புக்குச் சப்பாணி என்று வருத்தப்பட்டார்.

டீச்சர் மனுவைப் படிக்கவில்லை. கீபோர்டை இழுத்து ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். அதில் ஓர் எண் மட்டும் இருந்தது. 1147.

புரோகிராம் ஓட ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் தனக்குக் கொடுத்த எண்ணை இதில் எழுதி வைக்கும், ஒழுங்காக நிறுத்தினால் அழித்துவிட்டுப் போகும் என்றாள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அது மாதிரி. கரண்டு பட்டென்று போனால் துண்டை எடுக்க ஏது நேரம்?

1147 எங்கேயாவது ஓடுகிறதா என்று தேடச் சொன்னாள். அவர் தேடினார். எங்கேயும் இல்லை.

"துண்டுதான் கிடக்கு. ஆள் இல்ல" என்றார்.

அப்படியானால் அழித்துவிடலாமே என்று கையை நீட்டினார். டீச்சர் தடுத்தாள். தினமும் கையால் அழித்தால் ஒருநாள் ஆள் இருக்கும்போதே துண்டை உருவிவிடுவீர்கள் என்றாள். கம்ப்யூட்டர் எழும்போதே தற்காலிகக் கோப்புகளைத் துப்புரவு செய்ய ஒரு பட்டியல் உண்டு. அதில் இந்தக் கோப்புக்கும் ஒரு வரி எழுத வைத்தாள். வரியின் முதல் எழுத்தை அடுத்து ஓர் ஆச்சரியக்குறி. கம்ப்யூட்டர் தொடங்கும்போது மட்டும் அழி என்று அதற்கு அர்த்தமாம்.

ஆவுடையப்பன் கழுத்தைக் கோணிக்கொண்டு எழுதினார். அவர் உட்கார்ந்திருந்தது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில். கம்ப்யூட்டருக்கு நேரே இருந்த சுழல் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு, மடிப்பெல்லாம் தூசி.

"அது யாரு சீட்டு, அண்ணாச்சி?"

"கோவில்பிள்ளை சார் சீட்டு. எனக்கு முன்னால இருந்தவர்."

"சார் எங்கே?"

"ரிட்டயராகி ரெண்டு வருஷமாச்சு. கோயம்புத்தூர்ல, மகன் வீட்ல இருக்கார்."

டீச்சர் அந்தத் துண்டை ஒரு பார்வை பார்த்தாள். கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி கிளப்பினாள்.

திரையில் வரிகள் ஓடின. டோக்கன் புரோகிராம் தானாகவே எழுந்து நின்றது.

ஆவுடையப்பன் திரையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

எழுந்து போய் அந்தத் துண்டை எடுத்தார். உதறி, மடித்து, பீரோவுக்குள் வைத்தார். மனு குப்பைக் கூடைக்குப் போயிற்று.

நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்து நேராயிற்று. ஜன்னல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஒண்ணாம் நம்பர் யாரு? வாங்கம்மா."