தராசில் வென்ற நெல்

முன்னொரு காலத்தில், உயரமானதெல்லாம் உயர்ந்தது என்று நம்பிய ஓர் அரசன் இருந்தான். ஒருநாள் யானைமேல் போனபோது, மந்திரி மருதவாணரின் வயலில் நெல் யானையின் வயிற்றை உரசிக்கொண்டு நின்றதைக் கண்டான்.

"அடுத்த பருவத்தில் நாடெங்கும் இந்த விதைதான்" என்றான்.

உடன் வந்த விதூஷகன் கூத்தபிரானுக்கு அது சரியாகப் படவில்லை. அவனுக்கும் ஒரு துண்டு வயல் உண்டு. தாள் குட்டையாகவும் கதிர் கனமாகவும் இருந்த பயிரிலிருந்தே ஒவ்வோர் அறுப்பிலும் விதை எடுத்துவந்தான். அவன் நெல் முழங்கால் உயரந்தான்.

"அரசே, முதலில் எடை போட்டுப் பார்க்கலாமே" என்றான்.

பக்கத்தில் நின்ற மருதவாணர் முந்திக்கொண்டார். "பார்ப்போம். ஒரே அளவுள்ள இரண்டு பாத்திகளை அறுத்துத் தராசில் வைப்போம். தோற்றவர் தம் விதையைத் தீயிலிட வேண்டும். சம்மதமா?"

கூத்தபிரான் தலையாட்டிவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: கதிரடித்த பிறகு எடை போடுவதா, அதற்கு முன்பா என்று கேட்கவில்லை. இருப்பது ஒரே ஒரு மூட்டை விதை. எரிந்தால் அதோடு சரி.

மந்திரி அதை மறக்கவில்லை. அறுத்த அன்று காலையில், சபைமுன் அடிக்காத கட்டுகளே தராசில் ஏறின. அவர் பக்கத்துத் தட்டு தரையில் இடித்தது.

"விதூஷகரே, உம் நெல் முழங்காலுக்குமேல் வளர வெட்கப்படுகிறதோ?" என்றார். சபை சிரித்தது.

அரசன் தீர்ப்புச் சொன்னான். "தராசில் வென்றதை அப்படியே எனக்குப் புத்தரிசி விருந்தாகப் படையுங்கள். வழக்கப்படி தோற்றவன் பரிமாறட்டும். உண்டு எழுந்ததும் அவன் விதைக்குத் தீ."

"அப்படியே, அரசே" என்றான் கூத்தபிரான்.

நண்பகலில் அரசன் இலைமுன் அமர்ந்தான். கூத்தபிரான் ஓரத்தில் கொஞ்சம் சோறு வைத்தான். நடுவில் ஓர் அணைப்பு வைக்கோலைக் கொட்டினான்.

"இதென்ன?"

"தராசில் வென்றது, அரசே. அடித்துப் பார்த்தால் நெல் ஒரு பங்கு, வைக்கோல் மூன்று பங்கு."

"நான் வைக்கோல் தின்பதா?"

"அதையும் சேர்த்துத்தானே வெற்றி தந்தீர்கள்?"

பக்கத்தில் இன்னோர் இலை விரித்தான். அதில் பாதி சோறு, பாதி வைக்கோல். "இது தோற்ற பாத்தி. மொத்தத்தில் குறைவுதான். சோறு மட்டும் முதல் இலையைவிட ஒன்றரை மடங்கு."

மருதவாணர் குறுக்கிட்டார். "மாட்டுக்கு வைக்கோல் வேண்டாமா?"

"வேண்டும், மந்திரியாரே. மாடு தீர்ப்புச் சொல்லியிருந்தால் தாங்களே வென்றிருப்பீர்கள். இலை போட்டு உட்கார்ந்திருப்பவர் அரசரல்லவா?"

அரசன் வைக்கோல் இலையை மந்திரி பக்கம் தள்ளினான். "வென்றவர் உண்ணுங்கள்" என்று சொல்லி, தோள் குலுங்கச் சிரித்தான். தன் கழுத்து மாலையைக் கூத்தபிரானுக்கு அணிவித்தான். விதைக்கு வைத்திருந்த தீயை அடுப்புக்குக் கொண்டுபோகச் சொன்னான்.

பிறகு ஆணையிட்டான்: "நாளை வயல் வயலாகப் போங்கள். அடித்த நெல் ஒரு தட்டில், அதன் வைக்கோல் மறு தட்டில். எந்தப் பயிரில் நெல் தட்டு அதிகம் தாழ்கிறதோ, அதிலிருந்து விதை எடுங்கள். மந்திரி தராசு தூக்கட்டும்."

கூத்தபிரானுக்கு அன்றும் முழு நிம்மதி இல்லை; புதிய எடையில் வேறு வயல் நெல் தன்னுடையதை வென்றுவிடலாமே. விடிந்ததும் முதலில் தன் வயல் நெல்லையே இன்னொருமுறை எடை போட வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டான்.