சாகாத அரசருக்கு வந்த விக்கல்

முன்னொரு காலத்தில், பதினொரு பேருக்கு மட்டும் சாவு வழிதெரியாமல் போன ஒரு நாடு இருந்தது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே குடத்து அமுதத்தைப் பங்கிட்டுக் குடித்தவர்கள் அவர்கள். ஒருவர் அரசர் அமரவர்மர், மற்றப் பத்துப் பேர் அமைச்சர்கள். ஊரார் அவர்களை அமுதர் என்றார்கள். நாட்டில் மீதிப் பேரெல்லாம் உங்களையும் என்னையும் போலப் பிறந்து, உழைத்து, செத்துப்போகிறவர்கள்தான்.

சாகாதவனுக்கு அவசரம் ஏது? அயல்நாட்டு விவகாரம் எதுவானாலும் அமுதர்கள் கையில் ஒரே மருந்துதான் இருந்தது: ஆறப்போடுதல். அண்டை நாட்டு ஓலை வந்தால் மண்பானையில் போட்டு வாயைக் கட்டிவிடுவார்கள். நாற்பது ஆண்டு கழித்துத் திறந்தால் ஓலை எழுதியவனும் இருக்க மாட்டான், தகராறும் இருக்காது. "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று ஒருவரையொருவர் மெச்சிக்கொள்வார்கள். தூதர் மாளிகைத் தோட்டத்தில் வரிசையாகச் சமாதிகள் இருந்தன. பதிலுக்குக் காத்திருந்தே போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். கடைசியில் ஒரு குழி வெட்டித் தயாராக வேறு இருந்தது. எதற்கும் அவசரப்படாத மனிதர்கள் அந்த ஒரு வேலையை மட்டும் முன்கூட்டியே முடித்திருந்தார்கள்.

அவர்களுக்கு ஒரு பெருமை உண்டு: சாகாதவர் சொல்லும் சாகாது. கல்லில் வெட்டிய சட்டத்தை அரசரே மீறியதில்லை. அந்த ஒரு நம்பிக்கையில்தான் எட்டு நாடுகள் அவர்களோடு உடன்படிக்கை செய்திருந்தன.

அந்த அவையின் விகடகவி விடங்கன். சாகப் பிறந்தவன். பத்து அமைச்சர்களின் பேச்சையே தொள்ளாயிரம் ஆண்டு கேட்டுச் சலித்த அரசருக்கு அவன் வாயைத் திறந்தாலே உற்சாகம் வந்துவிடும். முதலமைச்சர் நிலைபேறருக்கு அதைக் கண்டால் வயிறு எரியும்.

ஒரு நாள் காலையில் கீழ்நாட்டுத் தூதர் திருமேனி அவைக்கு வந்தார். அரண்மனைத் தாமரைத் தடாகம் வற்றாமல் இருப்பதற்காக அமுதர்கள் ஆற்றின் மதகை அடைத்து வைத்திருந்தார்கள். அதைத் திறக்கச் சொல்லி ஓலை கொண்டு வந்தவர் அவர். வந்தபோது மீசை கறுப்பு. இப்போது பதினோராவது ஆண்டு, மீசை பஞ்சாகிவிட்டது.

"அரசே, எங்கள் கிணறுகள் வறண்டுவிட்டன. பிள்ளைகள் நாக்கு வறண்டு சாகிறார்கள்" என்றார் திருமேனி. "எங்கள் ராணி மூன்று நாள் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் மதகு திறக்காவிட்டால் எங்கள் படை வரும். இரண்டு பக்கமும் பிணம் விழும்."

"மூன்று நாளா?" என்று அரசர் வியந்தார். "படித்துறைத் தகராறில் நிலைபேறர் பேசி முடிக்கவே ஏழு ஆண்டு ஆயிற்றே! ஓலை ஆறட்டும், பார்க்கலாம்."

விடங்கனுக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தோட்டத்துக் குழி யாருக்கு என்று அவனுக்குத் தெரியும். "மகாராஜா, தங்கள்மேல் குற்றமில்லை. அவசரம் என்றால் என்னவென்று தாங்கள் அறியவே இல்லை" என்றான்.

அரசர் தாடியை நீவினார். "உண்மைதான். அந்தச் சுவையை நான் மறந்தே போனேன். நீ காட்டு. நாளைச் சூரியன் சாய்வதற்குள் என் வாயிலிருந்து 'சீக்கிரம்' என்ற சொல் வர வேண்டும்."

நிலைபேறர் சட்டென்று எழுந்தார். "வராவிட்டால் இவன் தலை போகட்டும், மகாராஜா. அரசரைத் தொடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, நஞ்சும் நெருப்பும் கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர், ஏதோ வெற்றிலை மடிக்கச் சொன்னவரைப் போல.

விடங்கன் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தான். மனைவி பூங்காவனம் விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? பதினோரு வருசமா யாரும் கேக்காததை நீங்க எதுக்குக் கேட்டீங்க?"

"அதனாலதான் கேட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டினியாகக் கிடக்க வேண்டாம் என்று ஒரு கிண்ணம் பொரியரிசி மாவைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு பிடி வாயில் போட்டவன் பேச வாயெடுத்தான். மாவு தொண்டையில் அடைத்தது. விக்கல் பிடித்துக்கொண்டது.

"தண்ணி! தண்ணி!"

"இருங்க, கையெல்லாம் மாவு. கழுவிட்டு வர்றேன்."

"சீக்கிரம்டி!" என்று கத்தியவன் அப்படியே வாயைப் பிளந்தபடி நின்றான். தண்ணீர் வந்த பிறகும் குடிக்கவில்லை. அவைச் சுவரில் இருந்த ஒரு கல்வெட்டு அவன் கண்முன் நின்றது.

மறுநாள் அவை நிறைந்திருந்தது. திருமேனியோடு வேறு மூன்று நாட்டுத் தூதர்களும் இருந்தார்கள். தூணருகில் கொலைஞன் வாளோடு நின்றான். விடங்கன் அந்த வாளை ஒரு முறை பார்த்தான். ஆனாலும் கிண்ணத்தை நீட்டினான்.

"மகாராஜா, சாகப்போகிறவன் வீட்டுக் காணிக்கை. பொரிமாவு. இதில் நஞ்சில்லை, பாருங்கள்" என்று தானே முதலில் ஒரு சிட்டிகை தின்று காட்டினான்.

அரண்மனைச் சமையலில் நாக்குச் செத்துப்போயிருந்த அரசர் ஆசையோடு இரண்டு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டார். மென்றார், விழுங்கினார். பாதி வழியில் நின்றது.

"விக்!" என்றார் அரசர். "தண்ணீர் கொண்டு... விக்!"

பணியாள் செம்போடு ஓடிவந்தான். விடங்கன் குறுக்கே நின்று சுவரைக் காட்டினான். அங்கே நிலைபேறர் எழுதி, அரசர் ஒப்பமிட்ட கல்வெட்டு இருந்தது. விடங்கன் உரக்கப் படித்தான்.

"'தண்ணீர் கேட்பவர் எவராயினும், வந்த வரிசைப்படி, அவையோர் பதினொருவரும் பேசி முடித்த பின்பே ஒரு சொட்டும் விடப்படும். பேசத் தொடங்கியபின், முடியும்வரை அவை கலையாது.' மகாராஜா, தண்ணீர் கேட்டது தாங்கள். அரசர் நீங்கலாக என்று கல்லில் இல்லை. தங்களுக்கு முன்னால் வரிசையில் ஒருவர் நிற்கிறார். பதினொரு ஆண்டாக நிற்கிறார். முதலில் அவர் விண்ணப்பம், அப்புறம் தங்கள் விண்ணப்பம்."

"திமிர்!" என்று சீறினார் நிலைபேறர். "அரசருக்கு ஏது வரிசை? கொடு தண்ணீரை!"

"கொடுக்கட்டும்" என்றான் விடங்கன். "சாகாதவர் சொல் ஒரு வாய்த் தண்ணீருக்குச் செத்தது என்று இந்தத் தூதர்கள் தங்கள் நாட்டுக்கு எழுதுவார்கள்."

மூன்று தூதர்களும் எழுத்தாணியைக் கையில் எடுத்தார்கள். அரசர் கையைக் காட்டிப் பணியாளை நிறுத்தினார். அவர் முகம் சிவந்திருந்தது. திருமேனியின் ஓலை பானையிலிருந்து எடுத்துப் படிக்கப்பட்டது.

நிலைபேறர் அரசர் காதருகில் குனிந்தார். "பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், மகாராஜா. அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள். சூரியன் சாய்ந்தால் இவன் தலை உருளும்." பிறகு அவையைப் பார்த்து நிதானமாகத் தொடங்கினார். "நீர் என்பது யாது? முதலில் மேகத்திலிருந்து தொடங்குவோம்..."

உச்சி கடந்தது. நிலைபேறர் இன்னும் மேகத்தை விட்டு இறங்கவில்லை. அரசர் விக்கினார். கிரீடம் ஆடியது. எச்சில் கூட்டி விழுங்கினார், எச்சிலும் வற்றியது. எதிரே செம்பின் வெளிப்புறத்தில் துளித்துளியாக வேர்த்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் வீம்பு பிறந்துவிட்டது.

தூணின் நிழல் நீண்டு கொலைஞனின் காலைத் தொட்டது. திருமேனி மெல்ல விடங்கன் அருகில் வந்து, "எனக்காக உசிர விட்றாதீங்கய்யா. மன்னிப்புக் கேட்டுருங்க" என்றார்.

விடங்கனுக்குப் பூங்காவனத்தின் முகம் நினைவுக்கு வந்தது. அரியணைக்கு எதிரே போய் நின்றான்.

"மகாராஜா, இன்னும் ஒரு நாழிகையில் என் தலை போய்விடும். அதோடு என் தாகம் தீர்ந்தது. கீழ்நாட்டுப் பிள்ளைக்கும் அப்படித்தான், மூன்றாம் நாள் செத்தால் தாகம் தீர்ந்தது. தாங்கள்தான் சாக மாட்டீர்களே! என் தலை உருண்டாலும் வரிசை அப்படியேதான் நிற்கும். நிலைபேறர் பேசி முடிக்க ஏழு ஆண்டு. அவருக்குப் பின் இன்னும் ஒன்பது பேர். அதன் பிறகுதான் தங்கள் விண்ணப்பத்தையே எடுப்பார்கள். அதையும் ஆறப்போட்டால்?"

அரசர் சூரியனைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். முடிவே இல்லாத ஒரு தாகம் அவருக்குத் தெரிந்தது. தொள்ளாயிரம் ஆண்டில் முதல்முறையாக அவர் பயந்தார்.

"...ஆகவே மேகங்கள் நான்கு வகைப்படும்" என்றார் நிலைபேறர்.

"சீக்கிரம்!" என்று அரியணையிலிருந்து துள்ளி எழுந்தார் அரசர். "விக்! சீக்கிரம் பேச்சை முடியுங்கள், ஐயா! தருவதா, வேண்டாமா? ஒரே சொல்!"

நிலைபேறர் அரசரின் கண்ணைப் பார்த்தார். "தருக" என்றார் ஈனக்குரலில். மற்ற ஒன்பது பேரும் மூச்சுவிடாமல் "தருக" என்றார்கள். "தருக! மதகைத் திற!" என்று முடித்தார் அரசர். முரசு அதிர்ந்தது. தொலைவில் பலகைகள் உயர்ந்து, அடைபட்ட ஆறு இரைச்சலோடு கீழ்நாட்டை நோக்கிப் பாய்ந்தது. திருமேனி தரையில் உட்கார்ந்து குழந்தையைப் போல அழுதார். அடுத்த விண்ணப்பத்துக்கும் பதினொரு 'தருக' விழுந்தது. செம்பு அரசர் கைக்கு வந்தது.

குடித்து முடித்தவர் முதலில் மூச்சுவிட்டார். பிறகு சிரித்தார். தண்ணீர் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார்.

"பிழைத்தாய், விடங்கா! அமுதக் குடத்தின் அடியில் ஒரு துளி மிச்சமிருக்கிறது. அது உனக்கு."

நிலைபேறர் முகத்தில் ஈயாடவில்லை. விடங்கன் கைகூப்பினான். "மகாராஜா, என் வீட்டுக்காரியை விட்டுவிட்டு நான் மட்டும் எத்தனை காலம் இருப்பது? அந்தத் துளியைப் பானையில் போட்டு ஆறப்போடுங்கள். எனக்குக் கல்லில் ஒரு வரி போதும். அயல்நாட்டு ஓலை எது வந்தாலும், அவையோர் ஆளுக்கு இரண்டு பிடி பொரிமாவு தின்றுவிட்டுப் பேசட்டும். முடிவு சொன்ன பிறகே தண்ணீர்."

அரசர் மறுபடியும் சிரித்து, அப்போதே கல்தச்சனை அழைத்தார். விடங்கன் கழுத்தில் தம் முத்துமாலையைப் போட்டார்.

திருமேனி மறுநாளே ஊர் திரும்பினார். தோட்டத்துக் குழியில் வாழைக்கன்று நட்டார்கள். நிலைபேறர் அதன் பிறகு மேகத்தைப் பற்றிப் பேசவேயில்லை. பதினொரு பேருக்கும் மாவு இடித்தே என் கை தேய்ந்தது என்று பூங்காவனம் மட்டும் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்த அவையில் 'சீக்கிரம்' என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முப்பது ஆண்டு கழித்து, தலை நரைத்து, விடங்கனும் எல்லோரையும் போலச் செத்துப்போனான். செய்தி வந்தபோது அரசர் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு சீக்கிரமா?" என்றார்.