வரைபடத்தில் இல்லாத தெரு

பேரூராட்சிக் கூட்டத்தில் குடிநீர்க் குழாய்த் திட்டம் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே கூட்டிப் பெருக்கி டீ கொடுக்கிற செங்கமலம், தான் குடியிருக்கும் ஓடைத் தெருவுக்கும் குழாய் கேட்டாள்.

தலைவர் ராசப்பன் வரைபடத்தைத் தட்டினார். "இதுல அப்படியொரு தெருவே இல்லையேம்மா! முதல்ல தெருவைக் காட்டு, அப்புறம் குழாய் தர்றேன்."

நாற்பது வீட்டுப் பெண்கள் தினமும் குடம் சுமக்கிறார்கள். இந்தப் பேச்சு கடவுளுக்கே அடுக்குமா? ஆனாலும் செங்கமலம் பணிவாகத்தான் கேட்டாள்.

"சரிங்கய்யா, தெருவே இல்லை. அப்போ அங்கேயிருந்து உங்களுக்கு விழுந்த நூறு ஓட்டும் கள்ள ஓட்டுங்களா? நீங்க ஜெயிச்சதே முப்பது ஓட்டு வித்தியாசத்துலதானே!"

கூட்டமே கொல்லென்று சிரித்தது. தலைவர் அவசரமாகப் பேனாவை எடுத்து வரைபடத்தில் கோடு இழுத்தார்.

"கொஞ்சம் அகலமாப் போடுங்கய்யா," என்றாள் செங்கமலம். "குழாய் பதிக்கணும்ல!"