தமயந்தி கட்டின இருபத்தேழு மாடி

“உங்க பேச்சை நம்பி லிஃப்டுல ஏறினேன் பாருங்கக்கா, என்னைச் சொல்லணும். பேசாம படியேறியிருந்தா இந்நேரம் பாதி தூரம் போயிருப்பேன்.”

குமுதா இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். ஓர் எழுத்து கூடவுமில்லை, குறையவுமில்லை. முதல் தடவை லிஃப்ட் குலுங்கி நின்றபோது சொன்னாள். இரண்டாவது தடவை விளக்கு அணைந்து எரிந்தபோது. இந்தத் தடவை ஒரு காரணமுமில்லை, சும்மா ருசிக்காக.

அவளுடைய ஓர்ப்படி தமயந்தி, பால் பாத்திரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு லிஃப்ட் கதவை முறைத்துக்கொண்டிருந்தாள். மூத்த மருமகள், முறைத்தால் வீட்டில் எல்லாமே திறக்கும். இந்தக் கதவு திறக்கவில்லை. மூன்றாவது ஆள், கிரகப்பிரவேசம் நடத்த வந்த ஐயர். அவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார். அது குமுதாவைவிட மோசம்.

பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வான்மதி டவர்ஸ் இருபத்தேழாம் மாடியில், தமயந்தியின் புது அடுப்பில் பால் பொங்க வேண்டும். அடுப்பு மேலே இருக்கிறது. கூடவே கணவர் ஞானசம்பந்தம், ஒரு ஹால் நிறைய விருந்தாளிகள், வாடகைக்கு வந்த ஒரு பசு. பசு சர்வீஸ் லிஃப்டில் ராஜாத்தி மாதிரி மேலே போனது. போனது, இறங்க மாட்டேன் என்று அதற்குள்ளேயே படுத்துவிட்டது. எல்லாம் மேலே. பால் மட்டும் இங்கே. காரில் பாலை மறந்துவிட்டு, அதை எடுக்கக் கீழே இறங்கி வந்த மகராசி தமயந்தியேதான். அப்போதுதான் வந்து சேர்ந்த குமுதாவையும் ஐயரையும், “படி எதுக்கு, வாங்க, நான் டிசைன் பண்ணின லிஃப்டு” என்று கையைப் பிடித்து இழுத்து ஏற்றியதும் அவள்தான்.

சுவரிலிருந்த இன்டர்காம் கரகரத்தது. கீழே செக்யூரிட்டி ஏகாம்பரம்.

“மேடம், லிஃப்ட் கம்பெனிக்குச் சொல்லியாச்சு. ஆளு பக்கத்துலதான் இருக்காராம். பயப்படாதீங்க.”

“யாருப்பா பயப்படறா? சீக்கிரம் வரச் சொல்லு.”

“ஆமா, நீங்க டிசைன் பண்ணின லிஃப்டுன்னு சொன்னீங்களே” என்றாள் குமுதா, குரலில் தேன் தடவி.

இந்த இடத்தில் தமயந்தி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பத்து வருஷம் கான்வென்ட்டில் ‘சைலன்ஸ்’ என்ற போர்டுக்குக் கீழேயே உட்கார்ந்து படித்தவள். அந்தப் போர்டு சொன்னதைச் சுவர் கேட்டது, அவள் கேட்கவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு இங்கிலீஷ் வரும். புளுகு வந்தால் நல்ல தமிழ்தான்.

“லிஃப்டு மட்டுமா? இந்த டவரே என் டிசைன்தான்” என்றாள்.

அதில் பொய் கலக்காத பகுதியும் கொஞ்சம் இருந்தது. எழும்பூருக்கு நடுவில், இதே இடத்தில் இருந்த பழைய மூன்று மாடி பிளாட்டை பில்டர் இடிக்க வந்தபோது, அசோசியேஷன் செக்ரட்டரி அவள்தான். பிறகு நாலு வருஷம் வாடகை வீட்டில் காலம் தள்ளினாள். அன்றைக்கு அம்பத்தூர் தனிவீட்டிலிருந்து இதே குமுதா போன் பண்ணி, “இருந்ததையும் இடிச்சிட்டு நடுரோட்டுல நிக்கப் போறீங்கக்கா” என்றாள். அந்த வாக்கியத்தைத் தமயந்தி நாலு வருஷமாக ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். இன்றைக்குக் குமுதா கண்ணெதிரே பால் பொங்கினால்தான் அதை வெளியே எடுத்துக் கொட்ட முடியும்.

“ஆர்க்கிடெக்ட் பிளான் கொண்டாந்தான். பார்த்தா, அத்தனை பிளாட்டுலயும் சமையலறை வாயு மூலையில! அக்னி மூலையில இருக்க வேண்டியதைக் கொண்டுபோய் வாயு மூலையில வச்சா அடுப்பு எரியுமா, அணையுமா? மாத்துன்னேன். அதெல்லாம் பதினோரு மாடி எழும்பியாச்சு, மாத்த முடியாதுன்னான்.”

“அப்புறம்?”

“கட்டடத்தையே திருப்பிட்டேன்.”

குமுதா சிரிக்கவில்லை. அம்பத்தூர்க்காரர்கள் இதற்கெல்லாம் சிரிக்க மாட்டார்கள். “பதினோரு மாடியையா? எப்படிக்கா? தோசை மாதிரியா?”

“தோசை மாதிரி திருப்பினா மொட்டை மாடி கீழ போயிடாதா? ஆட்டுக்கல்லைத் திருப்பற மாதிரி. அஸ்திவாரத்தைச் சுத்தி நல்லெண்ணெய் விட்டு, ரெண்டு கிரேன் வச்சுத் தள்ளினோம். சரியா அரைச் சுத்து.”

“எத்தனை டின் எண்ணெய் ஆச்சும்மா?” என்று ஐயர் முதல்முறையாக வாய் திறந்தார்.

“எண்ணி யார் பார்த்தா சாமி? அந்த மாசம் இந்தப் பக்கம் ஒரு கடையில நல்லெண்ணெய் கிடையாது. தீபாவளிக்கு ஜனங்க தேங்காயெண்ணெய் தேச்சுக் குளிச்சாங்க. எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்கினவன் பாதிப் பேர், கட்டடம் திரும்பி நிக்கறதைப் பார்த்துட்டு, ஊர் மாறி வந்துட்டோம்னு மறுபடி ரயிலேறிட்டான். பதினோராம் மாடியில வாட்ச்மேன் பொண்டாட்டி வடகம் காயப்போட்டிருந்தா. அன்னிக்கு ஒருநாள்தான் வடகம் நாலு பக்கமும் சமமாக் காய்ஞ்சுது.”

ஐயர் தலையாட்டினார். வடகம்தான் அவரை நம்பவைத்திருக்க வேண்டும்.

“இருக்கும், இருக்கும்” என்றாள் குமுதா. “கான்கிரீட் கூட நீங்கதான் கலக்கினீங்களோ?”

கேட்டது கிண்டலுக்கு. தமயந்திக்கு அது அழைப்பிதழ்.

“நல்லவேளை ஞாபகப்படுத்தினே. பன்னிரண்டாம் மாடிக்குத் தளம் போடற அன்னிக்குச் சும்மா எட்டிப் பார்த்தேன். கலவை ஓடுது, ரசம் மாதிரி! இன்ஜினியரைக் கூப்பிட்டு, தம்பி, இதுல உளுந்து கம்மின்னேன்.”

“கான்கிரீட்டுல உளுந்தா!”

“அவனும் உன்னை மாதிரிதான் வாயைப் பொளந்தான். கைவிட்டுப் பதம் பார்த்தேன். ஒரு பிடி வெந்தயம் ஊறவச்சு அரைச்சுப் போடச் சொல்லி, ராத்திரி முழுக்க சாக்குப் போட்டு மூடி வச்சோம். காலையில பார்த்தா தளம் முக்கால் அடி உப்பியிருக்கு. அதனாலதான் எங்க பிளாட்ல சீலிங் அவ்வளவு உசரம். மேல வந்ததும் பாரு. ஏணி போட்டாத்தான் ஃபேன் துடைக்க முடியும்.”

“சீலிங் உசரமோ இல்லையோ, உங்க வாய் உசரம்.”

“உசரத்தைப் பத்திப் பேசறியா? என் பால்கனியில துணி காயப்போட முடியாது தெரியுமா? மேகம் வந்து மறுபடி நனைச்சுட்டுப் போகுது. போன வாரம் டிகாக்‌ஷன் வாசனை பார்க்கலாம்னு காபி போட்டேன். மீனம்பாக்கத்துல இறங்க வேண்டிய பிளேன், அந்த வாசனைக்கு ரெண்டு ரவுண்டு கூட அடிச்சுது. பைலட் பையன் பாவமா பார்த்தான். டபராவை நீட்டினேன். கண்ணாடியை இறக்கி வாங்கிக்கிட்டான்.”

“பால் காய்ச்சாத வீட்டுல காபி எப்படிக்கா போட்டீங்க?”

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். தமயந்தி பாத்திரத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். குமுதா பிளேனை மடக்கியிருந்தால் சமாளித்திருப்பாள். காபியை மடக்குவாள் என்று எதிர்பார்க்கவில்லை.

“கறுப்புக் காபி” என்றாள். “பாலே விடலை. சம்பிரதாயம் தெரியாதவளா நான்?”

ஐயர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். “அம்மா, நல்ல நேரம் முடியப்போறது.”

பால் பாத்திரம் கனத்தது. செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மேலே கணவர் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருப்பார். பசு இந்நேரம் எழுந்து கார்ப்பெட் வரைக்கும் வந்திருக்கும். தமயந்திக்குக் கண் கரித்தது. கரித்ததைக் குமுதா பார்த்துவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

“இதெல்லாம் என்ன பிரமாதம்” என்றாள் தமயந்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “பில்டர் கட்டினது மொத்தமே இருபத்து மூணு மாடிதான். பாக்கி நாலு மாடியை நான் ஒருத்தியா கட்டினேன். ஒரு மூட்டை சிமெண்ட் செலவில்லாம.”

“அது எப்படிம்மா?” என்றார் ஐயர்.

“வீடு வாங்கினவங்க ஒருத்தர்கூட எட்டாம் மாடிக்குப் போக மாட்டேன்னுட்டாங்க. எட்டு சனியோட நம்பராச்சே! நான்தான் சொன்னேன், எட்டே வேண்டாம், ஏழுக்கு அடுத்து ஒன்பதுன்னு போடுன்னு. பதினேழு? ஒண்ணும் ஏழும் எட்டு, எடு. இருபத்தாறு? ரெண்டும் ஆறும் எட்டு, எடு. பதிமூணையும் எடுன்னேன்.”

“பதிமூணு நமக்கு என்ன பண்ணுச்சு?” என்றாள் குமுதா.

“எட்டு அம்மா வீட்டுப் பயம், பதிமூணு கான்வென்ட் பயம். பீஸ் கட்டிக் கத்துக்கிட்டதை விட முடியுமா? ஆக நாலு நம்பர் போச்சு. இருபத்து மூணாவது மாடியில படுத்த நாங்க இருபத்தேழாவது மாடியில எழுந்தோம். ஏகாம்பரத்துகிட்ட கண்டிப்பா சொல்லி வச்சிருக்கேன். யாராவது வந்து எட்டாம் மாடின்னு கேட்டா, அப்படி ஒண்ணு இந்த பில்டிங்லயே கிடையாதுன்னு திருப்பி அனுப்பிடணும்னு.”

அவள் சொன்னதிலேயே சத்தியமான உண்மை இதுதான். இதைத்தான் குமுதா கொஞ்சமும் நம்பவில்லை. ஐயர் மட்டும் எட்டிப் பட்டன்களைப் பார்த்தார். ஏழு. அதற்கு மேல் ஒன்பது. கதவுக்கு மேலே சிவப்பில் ஏழு என்று எரிந்துகொண்டிருந்தது. அம்புக்குறி மேல்நோக்கி இருந்தது.

“அப்போ” என்றார் மெதுவாக, “ஏழைத் தாண்டியாச்சு. ஒன்பது வரலை. இப்போ நாம எங்கேம்மா இருக்கோம்?”

குமுதா ஒருமுறை பட்டனைப் பார்த்தாள், ஒருமுறை ஓர்ப்படியைப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, புது வீடு பார்க்க வந்தவள் மாதிரி சுவரைத் தடவினாள்.

“நல்லாத்தான் கட்டியிருக்கீங்கக்கா உங்க எட்டாம் மாடியை” என்றாள். “கொஞ்சம் சின்னது. சீலிங் கூட அவ்வளவு உசரமில்லை.”

தமயந்தி பாய்ந்து இன்டர்காம் பட்டனை அழுத்தினாள். “ஏகாம்பரம்! மெக்கானிக் வந்தானா?”

“வந்துட்டுப் போயிட்டாரு மேடம்.”

“போயிட்டானா? ஏன்?”

“கீழ இருக்கற கன்ட்ரோல் டப்பாவைப் பார்த்துட்டு, லிஃப்டு எட்டாம் மாடிகிட்ட சிக்கியிருக்கு, அங்க கூட்டிட்டுப் போன்னாரு. எங்க பில்டிங்ல எட்டாம் மாடியே கிடையாது சார்னேன். கீழேர்ந்து எண்ணுனா எட்டு வருதேன்னாரு. எண்ணக் கூடாது, செக்ரட்டரி மேடம் ஸ்டிரிக்டா சொல்லியிருக்காங்கன்னேன். அப்ப இது வேற பில்டிங் கம்ப்ளெய்ன்ட்டா இருக்கும்னு வண்டியை எடுத்துட்டாரு.” குரலில் பெருமை வழிந்தது. “நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன் மேடம்.”

குமுதா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கினாள். ஐயர் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். இனி அதில் பார்க்க ஒன்றுமில்லை.

“ஓடுப்பா! கேட்டைத் தாண்டறதுக்குள்ள பிடி!”

“இதோ ஓடறேன் மேடம்!” அந்தப் பக்கம் நாற்காலி சாய்கிற சத்தம். அப்புறம் வெறும் இரைச்சல்.

தமயந்தி பால் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அதற்குப் பக்கத்திலேயே, புதுப் பட்டுப் புடவையோடு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு கையை மட்டும் உயர்த்தி அந்தப் பட்டனை இன்னொரு தடவை அழுத்தினாள்.

“ஏகாம்பரம்... நான் எட்டாம் மாடியிலதான் இருக்கேன். எட்டுதாம்ப்பா. யாராவது கொஞ்சம் எட்டாம் மாடிக்கு வாங்களேன்.”