ஏழு அண்டாவில் ஆறிய பார்லிச் சாறு

புதுச்சேரிக்குத் தெற்கே கோணவாய்க்கால் என்று ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னது சொன்னபடி நடக்கும். அதுதான் சிக்கலே. நம்ம அமலதாசும் அந்த ஊர்தான்.

அவர் பெண்டாட்டியின் அண்ணன் ராயப்பன் பிரான்சில் இருந்தார். பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட மைத்துனரைப் பார்த்து 'நல்லாயிருக்கு' என்று வாய் திறந்ததில்லை மனுஷன். அந்த ஒரு வார்த்தைக்காக அமலதாஸ் ஏங்கிக் கிடந்தார். இந்தச் சித்திரையில் ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே ராயப்பன் பீர் காய்ச்ச மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியும், அதைப் புளிக்கவைக்க ஒரே ஒரு ஈஸ்ட் பாக்கெட்டும், கூடவே ஒரு கடிதமும் அனுப்பியிருந்தார்.

"நான் வருகிற அன்றைக்கு மால்ட்டை ஊறவைத்து வடித்த சாற்றைக் கொதிக்கவிடு. பானையைத் தண்ணீரில் வைத்து ஆற்று. தண்ணீர் சுட்டால் மாற்று. ஊரில் தண்ணீர்ப் பஞ்சம், ஒரு சொட்டும் கீழே கொட்டாதே. சுட்ட தண்ணீரை ஆறவைத்துத் திரும்ப ஊற்று. கை பொறுக்கிற சூடு வந்ததும் ஈஸ்ட்டைத் தூவி, பத்து நாள் மூடி வை."

கூட்டாளிகள் செபஸ்தியும் தம்புவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். கொதித்த பானையை அண்டாத் தண்ணீரில் இறக்கினார்கள். தண்ணீர் சுட்டது. அந்தத் தண்ணீரை முழுக்க ஒரு தவலையில் மொண்டு, இரண்டாவது அண்டாத் தண்ணீரில் வைத்தார்கள். அதுவும் சுட்டது. அதை ஆற்ற மூன்றாவது அண்டா. இப்படியே தெருவில் இருந்த ஏழு அண்டாவும் வந்து சேர, கடைசியில் மாட்டுத்தொட்டியையும் கழுவி, எதற்கும் இருக்கட்டும் என்று நிரப்பி வைத்தார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்குத்தான் அமலதாசுக்குப் பானை ஞாபகம் வந்தது. போய்த் தொட்டுப் பார்த்தார். தண்ணீரே இல்லாத அண்டாவில், வேப்பங்காற்றில் அது ஜில்லென்று ஆறியிருந்தது.

"நாம ஆத்தாம இது எப்படி ஆறும்?" என்றார்.

செபஸ்தி கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். "மச்சான் தண்ணியில ஆத்தச் சொன்னார். இது காத்துல ஆறியிருக்கு. இது செல்லாது."

"அப்ப என்ன செய்றது?"

"திரும்பச் சூடாக்கி, முறைப்படி ஆத்துவோம்," என்றார் தம்பு.

அடுப்பு மூட்டினார்கள். ராயப்பன் வந்து இறங்கியபோது சாறு சுண்டி, அல்வாப் பதத்தில் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் பானையைப் பார்த்தார். தெருநீளத்துக்கு நின்ற அண்டாக்களைப் பார்த்தார். முகம் சிவந்து, நெற்றி வியர்த்து நின்றார்.

அமலதாஸ் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொதிக்குதுப்பா," என்றார். மூவருமாக மச்சானை அலாக்காகத் தூக்கி மாட்டுத்தொட்டியில் உட்கார வைத்தார்கள்.

ராயப்பன் கொஞ்ச நேரம் திட்டினார். அப்புறம் முனகினார். சித்திரை வெயிலில் அத்தனை தூரம் வந்த உடம்பு. கழுத்துவரை குளிர்ந்த தண்ணீர். கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு, அமலதாஸ்."

பதினெட்டு வருஷத்துக் காத்திருப்பு. அமலதாசுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதிலும் ஒரு சொட்டு கீழே விழாமல் துண்டில் ஒற்றிக்கொண்டு, மச்சானின் நெற்றியை மறுபடி தொட்டுப் பார்த்தார். கை பொறுத்தது.

உடனே பாக்கெட்டைப் பிரித்து, மச்சானின் தலையில் ஈஸ்ட்டைச் சீராகத் தூவினார். செபஸ்தியும் தம்புவும் தொட்டிக்கு மூடி தேடப் போனார்கள்.