புதுக்கோட்டைக்கு மேலே நிறுத்திவைத்த விமானம்

ஊமத்தம்பட்டியில் அறிவுக்குப் பஞ்சமே வந்தது கிடையாது. இருக்கிற அறிவை யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அது அப்படியே சேர்ந்து கிடந்தது. அதிலும் மைக் செட் வைரவனிடம் இருந்த கையிருப்பு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கி, பிளாஸ்டிக் நாற்காலி, பெரிய ஸ்டாண்டு ஃபேன் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன் அவன். கதிரேசன், ஆண்டியப்பன் என்று இரண்டு பேர் அவனிடம் வேலை பார்த்தார்கள். முதலாளி சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஏன் என்று கேட்கிற கெட்ட பழக்கம் மூன்று பேரிடமும் இல்லை.

வைரவன் மனைவி உண்ணாமலைக்கு ஒரு தம்பி, பெயர் சிவநேசன். வெளியூரில் ஒரு கிளப்பில் நாலு பேர் உட்காருகிற சின்ன விமானம் ஓட்டுகிறவன். வீட்டில் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டிப் பழகுகிற ஒரு மெஷினும் வைத்திருந்தான். கம்ப்யூட்டர், அகலமான திரை, கையில் பிடிக்க ஒரு ஸ்டியரிங், காலுக்கு இரண்டு மிதி. புதிது வாங்கியதும் பழையதை அத்தானுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

வைரவன் அதை நாற்காலிகள் அடுக்குகிற அறையில் மாட்டினான். அங்கேதான் வினை. அந்த அறையில் கிரைண்டர் போட்டு மாவு அரைத்து விற்க வேண்டும் என்பது உண்ணாமலையின் வெகுநாள் ஆசை. வீட்டில் பெரிய சண்டை வந்தது. கடைசியில் சிவநேசன்தான் சமாதானம் பேசினான். மழைக்காலம் முடிந்ததும் அத்தானை நிஜ விமானத்தில் ஏற்றி ஓட்டவிட்டுப் பார்ப்பதாகவும், தேறினால் மெஷின் இருக்கட்டும், தேறாவிட்டால் மெஷின் வெளியே, கிரைண்டர் உள்ளே என்றும் தீர்ப்பானது.

வைரவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு கம்பத்தில் ஏறியே பாதி வயது போனவன். உட்கார்ந்த இடத்தில் வானத்தில் போகிற சுகத்தை முதல் நாளே கண்டுவிட்டான். அதை மாவு அரைக்க விட்டுக்கொடுப்பதா?

"வெளையாட்டுன்னு நெனைச்சுராதீங்க அத்தான்" என்று சிவநேசன் போகும்போது சொல்லியிருந்தான். "நெஜ விமானத்துல எப்படியோ, அப்படியே நடந்துக்கணும். அப்பத்தான் பழகும்."

அப்படியே நடந்துகொண்டார்கள். மூன்று பேரும் நாற்காலியோடு சேர்த்து இடுப்பைத் தாம்புக் கயிற்றால் கட்டிக்கொண்டார்கள். விமானத்தில் எடை பார்ப்பார்களாமே என்று, மூன்று பேரும் அரிசிக்கடைத் தராசில் போய் ஏறிவிட்டு வந்தார்கள். வானத்தில் காற்று அடிக்கும் என்பதால் ஸ்டாண்டு ஃபேனை வைரவன் முகத்துக்கு நேராக வைத்தார்கள். மேலே போகப் போகக் காற்றைக் கூட்டுவது ஆண்டியப்பன் வேலை. கதவையும் உள்பக்கம் தாழ் போட்டார்கள்.

முதல் பயணத்தில் திருச்சியைத் தாண்டும்போது உண்ணாமலை காபியோடு வந்து கதவைத் தட்டினாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தொறக்கலாமாண்ணே?" என்றான் கதிரேசன்.

"மூவாயிரம் அடி உசரத்துல கதவைத் தொறக்கக் கூடாது" என்றான் வைரவன்.

ஆண்டியப்பன் ரொம்ப நேரம் யோசித்தான். "அப்ப மதினி எதுல நின்னு தட்டுறாக?"

அவள் பாவம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளோ என்று வைரவனுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பத்திரமாக இறங்கிப் போகும்படி உள்ளேயிருந்தே கெஞ்சினான். அவள் காபியைத் தானே குடித்துவிட்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் கரண்டு போயிற்று. திரை இருண்டது, ஃபேனும் நின்றது. ஜெனரேட்டரோ ஒரு சடங்கு வீட்டுக்கு வாடகைக்குப் போயிருந்தது. எஞ்சின் நின்றால் விழ வேண்டும், இன்னும் விழவில்லை, ஆகையால் மேலேதான் நிற்கிறோம் என்று கதிரேசன் கணக்குப் போட்டுச் சொன்னான். அசைந்தால் ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்று வைரவன் மூச்சைக்கூட அளந்து விட்டான். மத்தியானச் சாப்பாட்டு வாசனை கதவிடுக்கில் வந்தபோது ஆண்டியப்பனால் பொறுக்க முடியவில்லை. மூலையில் கிடந்த குடையை எடுத்து விரித்தான், கயிற்றை அவிழ்த்தான், நாற்காலி மேல் ஏறி நின்றான், குலதெய்வத்தைக் கும்பிட்டுக் குதித்தான்.

கணுக்கால் பிசகிக்கொண்டது. மூவாயிரம் அடியிலிருந்து குதித்தவனுக்குக் கணுக்காலோடு போனதே என்று மற்ற இருவரும் கண்ணீர் விட்டார்கள். அன்று முதல் ஊரில் ஆண்டியப்பனுக்கு ஒரு தனி மரியாதை வந்துவிட்டது.

உண்ணாமலை தம்பிக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னாள். சிவநேசன் சிரித்துவிட்டு அத்தானைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னான். நடுவில் எழுந்து போக வேண்டுமென்றால் கீபோர்டில் 'பி' என்கிற பட்டனை அமுக்கினால் போதும், விமானம் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும், சாப்பிட்டுத் தூங்கிவிட்டுக்கூட வரலாம்.

இதைக் கேட்டு வைரவனுக்கு உடம்பு சிலிர்த்தது. வானத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து சாப்பிடுகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? புதுக்கோட்டைக்கு மேலே நல்ல விசாலமான இடம் இருப்பதைப் பார்த்துவைத்து, தினமும் அங்கேயே நிறுத்தினான். ஒருநாள் சாயங்காலம் புதுக்கோட்டைப் பக்கம் மழை என்று யாரோ சொன்னதும் ஓடிப்போய் கம்ப்யூட்டர் மேல் சாமியானாத் துணியைப் போர்த்திவிட்டு வந்தான்.

மழைக்காலம் முடிந்தது. சிவநேசன் நாள் குறித்தான். விமானத்தில் நாலு இடம். சிவநேசன், வைரவன், உண்ணாமலை, பேச்சுத் துணைக்குக் கதிரேசன். கால் பிசகிய ஆண்டியப்பன் வரவில்லை. அவனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து வைரவனே ஒரு வழி சொன்னான்.

"நீ நம்ம விமானத்துல ஏறிப் புதுக்கோட்டைக்கு மேல இரு. நாங்க அந்தப் பக்கமாத்தான் வருவோம். பாத்ததும் துண்டை ஆட்டு. நாங்க வர்ற வரைக்கும் எறங்கிராத."

ஆண்டியப்பன் சந்தோஷமாகச் சம்மதித்தான். வைரவன் விமானத்தைப் புதுக்கோட்டை வரை ஓட்டிக்கொண்டு போய் 'பி' அமுக்கி நிறுத்தினான். ஆண்டியப்பனைக் கயிற்றால் கட்டி உட்காரவைத்து, கையில் சிவப்புத் துண்டைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

கிளப்பில் நிஜ விமானத்தைப் பார்த்ததும் வைரவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மூக்கில் இவ்வளவு பெரிய ஃபேனை மாட்டியிருக்கிறார்கள், அதற்கு ஒரு கூடு இல்லை. கல்யாண வீட்டில் இப்படி ஒரு ஃபேனைக் கொண்டுபோய் வைத்தால் அடிக்க வருவார்கள். உள்ளே கால் நீட்ட இடமில்லை, பெட்ரோல் நாற்றம். எஞ்சின் போட்டதும் பல்லெல்லாம் ஆடியது. தரையை விட்டுக் கிளம்பியபோது குடல் ஒருமுறை தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. வீட்டு விமானத்தில் குடல் வைத்த இடத்தில் இருக்கும்.

"இதுல 'பி' எங்கண்ணே இருக்கு?" என்று பின்னாலிருந்து கதிரேசன் காதில் கேட்டான். வைரவனும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான். கீபோர்டே இல்லை. ஒரே ஒரு சாவி மட்டும் தொங்கியது. போகட்டும், கார் மாதிரி சாவியைத் திருப்பினால் நிற்கும் போலிருக்கிறது என்று மனசில் குறித்துக்கொண்டான்.

மேலே போனதும் சிவநேசன் கையை எடுத்துக்கொண்டான். "பயப்படாம ஓட்டுங்க அத்தான். வீட்டுல எப்படி ஓட்டுவீங்களோ, அப்படியே ஓட்டுங்க."

சும்மா சொல்லக் கூடாது, வைரவன் நன்றாகவே ஓட்டினான். திருப்பச் சொன்ன பக்கம் திருப்பினான், ஏற்றச் சொன்னபோது ஏற்றினான். சிவநேசனுக்கே ஆச்சரியம். அத்தான் தேறிவிட்டார் என்று பின்பக்கம் திரும்பி அக்காவிடம் சொன்னான். உண்ணாமலை, கிரைண்டரை மறந்துவிட வேண்டியதுதான் என்கிற முகத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வைரவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போது புதுக்கோட்டை வந்தது.

கீழே ஊர் இருந்தது, குளங்கள் இருந்தன. மேலே வைரவன் தினமும் நிறுத்துகிற இடம் காலியாகக் கிடந்தது. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். விமானத்தையும் காணோம், ஆண்டியப்பனையும் காணோம். கதிரேசனும் பார்த்துவிட்டான்.

வாயைத் திறக்காமல் இப்படியே ஓட்டிக்கொண்டு போனால் மெஷின் தனக்குத்தான். ஆனால் ஆண்டியப்பன்? நம்பி ஏறி உட்கார்ந்தவன், கால் வேறு சரியில்லாதவன். ஒரு மனுசனுக்கு முன்னால் மெஷின் என்ன பெரிய மெஷின் என்று நினைத்துக்கொண்டான். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டை அவிழ்த்தான்.

"மாப்ள, ஒரு நிமிசம். எறங்கித் தேடிட்டு வந்துர்றேன்."

விமானம் ஒரு இருமல் இருமிவிட்டு மூக்கைக் கீழே தாழ்த்தியது. சிவநேசன் ஒரு கையால் அத்தானின் சட்டையையும் மறு கையால் சாவியையும் பிடித்தான். சாவி திரும்பியது, எஞ்சின் மறுபடி பிடித்துக்கொண்டது. அதன்பிறகு தரையைத் தொடுகிறவரை அவன் அத்தான் சட்டையை விடவில்லை. இறங்கியதும் புல்லில் உட்கார்ந்து ஒரு முழு பாட்டில் தண்ணீரையும் குடித்தான்.

"இன்னைக்கே வர்றேன்க்கா" என்றான். "அந்த மெஷினை நானே தூக்கிட்டுப் போயிர்றேன்."

காரில் ஊர் திரும்புகிற வழியெல்லாம் வைரவனுக்கு மெஷின் ஞாபகமே இல்லை. ஆண்டியப்பன் சம்சாரத்துக்கு யார் போய்ச் சொல்வது என்று அவனும் கதிரேசனும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை குதித்துப் பழக்கமிருப்பதால் பிழைத்திருப்பான் என்று கதிரேசன் தேற்றினான். குடை வீட்டில்தானே இருக்கிறது என்று வைரவன் ஞாபகப்படுத்தியதும் இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள். உண்ணாமலை மட்டும் ஏதோ யோசனையாகவே வந்தாள். சிவநேசன் பல்லைக் கடித்துக்கொண்டு காரை ஓட்டினான்.

அறைக் கதவைத் திறந்தார்கள். ஆண்டியப்பன் கட்டினது கட்டினபடி நாற்காலியில் இருந்தான். கையில் சிவப்புத் துண்டு. முகம் மட்டும் உர்ரென்று இருந்தது.

"எங்கடா போயிருந்த?" என்றான் வைரவன்.

"நான் எங்கயும் போகல. நீங்கதான் கண்டுக்காமப் போனீக" என்றான் ஆண்டியப்பன். "வெள்ளை விமானம், எனக்கு வலப்பக்கமா வந்துச்சு. தோள்பட்டை வலிக்கத் துண்டை ஆட்டுறேன், ஒருத்தரும் திரும்பலை. பக்கத்துல வந்ததும் எஞ்சினை வேற நிறுத்துனீக. சரி, பேசத்தான் நிறுத்துறாகன்னு பாத்தா, உடனே கெளப்பிக்கிட்டுப் போயிட்டீக."

சிவநேசன் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். எஞ்சின் நின்றதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வைரவனைப் பார்த்தான், கதிரேசனைப் பார்த்தான். கடைசியில், வீட்டில் புத்தியுள்ள ஒரே ஆள் என்று அக்காவைப் பார்த்தான்.

உண்ணாமலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒயரைப் பிடுங்காத தம்பி" என்றாள். "செவப்புத் துண்டுதான். யாரோ என்னமோன்னு நெனைச்சேன். இருந்தாலும் மரியாதைக்கு நானும் கையை ஆட்டினேன்."

"பாத்தேன் மதினி" என்றான் ஆண்டியப்பன். "நீங்க ஒருத்தர்தான் ஆட்டுனீக."

கிரைண்டரைத் தாழ்வாரத்தில் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உண்ணாமலை எல்லோருக்கும் காபி கலக்க உள்ளே போனாள். சிவநேசன் மெதுவாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அத்தான், நானும் அங்கதான இருந்தேன். என் கண்ணுக்கு ஏன் தெரியல?"

வைரவனுக்குப் பாவமாக இருந்தது. மச்சினன் தோளில் கையை வைத்தான்.

"சும்மா வெசனப்படாதீக மாப்ள. நாம ஓட்டிக்கிட்டில்ல இருந்தோம். ஓட்டுறவுக வேடிக்கை பாக்கக் கூடாது."