கையைப் பார்க்கும் நாய்

அந்தக் காலத்தில் நாய்களுக்குப் பேச்சு இருந்தது. மனிதரோடு சரிக்குச் சரி வழக்காடும். மனத்தாங்கல் இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். பிடித்தால் ஒருவரோடு இருக்கும், பிடிக்காவிட்டால் தன் வழியே போய்விடும்.

அப்போது ஆற்றங்கரையில் கொம்பையா என்று ஒருவன் வெள்ளாடு மேய்த்து வந்தான். பெண்டாட்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த ஆடுகளை விட்டால் அவனுக்கு நாதியில்லை. ஆட்டிடம் என்னத்தைப் பேசுவது? தழை, தண்ணீர், மறுபடி தழை. அதற்குமேல் அவற்றுக்குப் பேச்சு ஓடாது. அதனால் ஆற்றுமேட்டில் ஈன்றிருந்த ஒரு நாயிடம் போய், பால்குடி மறந்த செவலைக் குட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான்.

வந்த அன்றைக்கே, ஓடிப்போய்விடுமோ என்று பயந்து அதன் கழுத்தில் கயிறு கட்டினான். "ஓடிப்போறதா இருந்தா உங்கூட எதுக்கு வந்தேன்?" என்று செவலை கேட்டது. அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் ஒரேயடியாக அவிழ்த்துவிட மனம் துணியவில்லை. கயிற்றை நீளமாக்கினான். பிறகு நுனியைப் பிடிக்காமல் தரையில் இழுபட விட்டான். "வாடா செவலை" என்று கூப்பிடுவான். வந்ததும் கம்மங்களியில் ஓர் உருண்டை கொடுத்து, காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டு, மறுபடி விளையாட அனுப்பிவிடுவான். வந்தவுடன் பிடித்துக் கட்டிப்போட்டால் அடுத்த தடவை எந்தக் குட்டிதான் வரும்? அது அவனுக்குத் தெரிந்திருந்தது. பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டும் கூப்பிடுவான். அது மோப்பம் பிடித்துத் தேடி வந்து அவன் மடியில் விழும். கடைசியில் ஒருநாள் கயிற்றை அவிழ்த்து ஆற்றிலேயே எறிந்துவிட்டான்.

அதற்குப் பிறகு, கௌதாரியை விரட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் குரல் கேட்டால் செவலை பாதியில் விட்டுவிட்டு ஓடி வரும். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வரும். பெண்டாட்டி போன பிறகு கொம்பையா வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

கோடையில் ஒரு மதியம், ஆட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவனே செவலையைச் சுற்றப் போகச் சொன்னான். சொல்லிவிட்டு வேலமர நிழலில் சாய்ந்தான், கண் அசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால், நிறைசினையாக இருந்த கருப்பாடு குரல்வளை கிழிந்து கிடந்தது. ஓநாய் வந்து போயிருந்தது. அவன் பெண்டாட்டி குட்டியிலிருந்து ஊட்டி வளர்த்த ஆடு அது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவனுக்கு அன்று புத்தியே இல்லை. தான் தூங்கியதும் தானே அதை அனுப்பியதும் மறந்துபோய், செவலை அங்கே இல்லை என்பது மட்டும் மண்டையில் நின்றது. அதட்டினால் வராது என்று தெரியும். அதனால் தழை அறுக்கும் துறட்டிக் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, களி கொடுக்கும் அதே குரலில், "வாடா செவலை" என்று கூப்பிட்டான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். அடித்தது கூடப் பெரிதில்லை, அந்தக் குரலில் கூப்பிட்டானே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

செவலை வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. காலடியில் நின்று முகத்தை நிமிர்த்திய பிறகுதான் முதல் அடி விழுந்தது. கை ஓயும்வரை அடித்தான். அது ஓடவில்லை.

"கூப்பிட்ட, வந்தேன்," என்றது. "வந்ததுக்கா அடிச்ச?"

கொம்பையா கம்பைக் கீழே போட்டான். அன்று தனக்கு வைத்திருந்த களியையும் சேர்த்து அதன் முன்னால் வைத்தான். மஞ்சள் அரைத்துக் காயத்துக்குப் பற்றுப் போட்டான். செவலை தின்றது. அவனை விட்டுப் போகவும் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டது. அவனுக்கும் அதைக் கூப்பிட நா எழவில்லை. இருவரும் மந்தையின் இரண்டு பக்கமாக ஊமையாய் நடந்தார்கள்.

ஐப்பசியில் மலைப்பக்கம் நல்ல மழை. இங்கே ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தானே என்று அவன் ஆடுகளை அக்கரைக்கு ஓட்டினான். பின்தங்கிய ஆடுகளைச் செவலை துரத்திவிட்டுக்கொண்டிருந்தது. கடைசி ஆடு கரையேறியபோது செவலை மட்டும் நடு ஆற்று மணல்திட்டில் நின்றது. அந்நேரம் மேற்கே இரைச்சல் கேட்டது. வெள்ளம் வருகிறது.

கொம்பையா துறட்டியை ஊன்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். "வாடா செவலை" என்று கத்தினான்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட குரல். செவலை பாய்ந்து ஓடி வந்தது. அவன் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் சட்டென்று நின்றுவிட்டது. அவன் முகத்தை அது பார்க்கவில்லை. கையைப் பார்த்தது.

கொம்பையாவும் தன் கையைப் பார்த்தான். துறட்டியைத் தூர வீசினான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"ஒண்ணுமில்லடா. பாரு, கையில ஒண்ணுமே இல்ல."

செவலை ஒரு கையைப் பார்த்தது. மறு கையையும் பார்த்தது. பிறகு வாலை ஆட்டியது. அவனை நோக்கி ஓடிவரக் காலெடுத்தபோது வெள்ளம் வந்துவிட்டது.

ஒரு மருதவேர் கொம்பையாவைப் பிடித்து நிறுத்தியது. செவலையைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை.

ஆற்றுமேட்டிலிருந்து அதன் தாயும் கூடப்பிறந்தவையும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன. அவை கொம்பையாவை ஒரு சொல் ஏசவில்லை. ஆனால் கண்டதைத் தங்கள் குட்டிகளுக்குச் சொல்லின. அந்தக் குட்டிகள் தங்கள் குட்டிகளுக்குச் சொல்லின. மனிதரோடு பேசுவதை மட்டும் செவலையைப் போலவே நிறுத்திக்கொண்டன.

அன்று முதல்தான், சோறு போட்டு வளர்த்தவனே வாஞ்சையாகக் கூப்பிட்டாலும், நாய் ஓடி வந்து சற்றுத் தள்ளி நின்றுவிடுகிறது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்க்கிறது.